பேஷண்டுக்கு யாரு இருக்கா?

நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை பஸ் ஸ்டாண்டு மதில்களைப் பார்த்திருப்பீர்கள். ‘ஹோம் நர்ஸ் கிடைக்கும்’, ‘முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு’ என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸாக ஒட்டியிருக்கும். பெயரில்தான் நர்ஸ். எங்களில் பலர் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள், ரப்பர் வெட்டப் போனவர்கள், புருஷன் குடித்தே செத்துப்போனவர்கள். டியூபில் கஞ்சி கொடுப்போம், மூத்திரப்பை மாற்றுவோம், படுக்கைப்புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்போம். சம்பளம் ஏஜென்சி வழியாக வரும்.

எனக்கு ஊர் கள்ளிக்காடு, நெய்யாறு அணைக்குப் பக்கம். 1956-ல் எல்லை பிரித்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. சொந்தக்காரர்கள் வெள்ளறடைக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. எங்களுக்கு வீட்டில் தமிழ், வேலைக்குப் போகும் வீட்டில் மலையாளம், ஜெபத்தில் ரெண்டும். பல வருஷம் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தேன். இப்போது முட்டுவலி. அதனால் ஏஜென்சியில் புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த வகுப்பில் கடைசியில்தான் எடுப்பேன் இந்தப் பாடத்தை. ஆணோடு வாழ்ந்த ஆண், பெண்ணோடு வாழ்ந்த பெண், திருநங்கை, திருநம்பி, இவர்களுக்கும் வயதாகிறது. இவர்களுக்கும் பக்கவாதம் வருகிறது, இடுப்பெலும்பு முறிகிறது, ஞாபகம் தப்புகிறது. அப்போது அவர்கள் உடம்பைத் தொடப்போகிறவர்கள் நாங்கள். நாங்கள் மனசில் என்ன வைத்துக்கொண்டு தொடுகிறோம் என்பதுதான் கேள்வி.

கட்டில் இழுத்த கோடு

நான் வேலை பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஊரையும் அவர்கள் பார்த்த வேலையையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ரெண்டு பெண்கள். ஒருவர் பென்ஷன் வாங்கும் தையல் டீச்சர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இன்னொருவர் கூட்டுறவு பாங்கில் வேலை பார்த்தவர். ஏஜென்சியில் எனக்குச் சொல்லி அனுப்பியது: “அக்காளும் தங்கச்சியும். கல்யாணம் கட்டல.”

நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சரின் அறையில் ஒற்றைக் கட்டில். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அதன் பக்கத்திலிருந்து வாசல் வரைக்கும் புதுசாக வெள்ளைக் கோடு. முந்தின நாளோ அன்றைக்குக் காலையோ இன்னொரு கட்டிலை அடுத்த அறைக்கு இழுத்திருக்கிறார்கள். எழுபது தாண்டிய அம்மா தனியாக இழுத்திருக்கிறார். நான் வருகிறேன் என்பதற்காக.

ராத்திரி நான் அசந்துவிட்டேன் என்று நினைத்து அவர் வந்து டீச்சரின் கால்மாட்டில் உட்காருவார். விடியுமுன் எழுந்து போய்விடுவார். டீச்சருக்கோ பேச்சு குழறிப்போயிருந்தது. ஆனாலும் ராத்திரி முழுக்க அவர் தேடுவது யாரை என்று தெரிய பேச்சு வேண்டாம். சில நாள் பார்த்துவிட்டு நானே சொன்னேன்: “சேச்சி, டீச்சர் ராத்திரி உங்களையாக்கும் தேடுது. கட்டிலை இங்கயே போட்டுருவோம். புரட்டிப் படுக்க வைக்க எனக்கும் ஒரு கை கிடைக்கும்.” அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் “ஒரு சாயா போடட்டா?” என்றார். கட்டில் அன்றைக்கே திரும்பி வந்தது.

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீச்சருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் விஷயம் வேறு விதமாகப் பெரிதாயிற்று. கவுண்டரில் கேட்டார்கள்: “பைஸ்டாண்டர் யாரு? பேஷண்டுக்கு யாரு இருக்கா?” கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பாஸை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஐ.சி.யு.வில் கையெழுத்து என்று வந்ததும் “ரத்த சம்பந்தம் உள்ளவங்க வரட்டும்” என்றார்கள். வருஷத்துக்கு ஒருதரம் ஓணத்துக்கு எட்டிப்பார்க்கும் அண்ணன் மகனுக்குப் போன் போயிற்று. வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று டாக்டர் பேசியது அவனோடு. டீச்சருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது கேட்காது என்று தெரிந்தவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்”

வகுப்பில் பெண்களிடம் கேட்டால் நாலு விதமான பதில் வரும். முதலாவது: “அது சின்னப் பிள்ளையளுக்கு சினிமா பாத்து வாறது. வயசானவங்களுக்கு எங்க?” வயதானால் ஆசையும் போய்விடும், துணையும் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். புருஷன் பெஞ்சாதியையே தனித்தனி அறையில் படுக்க வைத்து வாழ்நாளைக் கழிக்க வைக்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. அந்த நினைப்பின் நீட்சிதான் இது.

ரெண்டாவது: “நோய் ஒட்டுமோ?” இதற்குத் தொழில் முறைப்படி ஒரே பதில். ரத்தமோ புண்ணோ மலமோ மூத்திரமோ தொடும்போது எல்லா வீட்டிலும் கையுறை, எல்லாரிடமும் கையுறை. குளிப்பாட்டுவதாலும் சோறு ஊட்டுவதாலும் எச்.ஐ.வி. பரவாது. ஒருவரைப் பார்த்தால் மட்டும் ரெண்டு கையுறை போடுகிறவளுக்கு நோயைப் பற்றியும் தெரியவில்லை, மனுஷரைப் பற்றியும் தெரியவில்லை.

மூன்றாவது: “பாவம் இல்லியா?” இதைச் சொல்பவர்கள் நல்ல பெண்கள். முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு வேலைக்கு வருபவர்கள். பேஷண்டின் தலைமாட்டில் நின்றும் ஜெபிப்பார்கள். கேட்காமலே ஜெபித்தால், அதுவும் ‘மன்னியும்’ என்று ஜெபித்தால், அந்தப் படுக்கையில் கிடப்பவருக்கு எழுந்து போகவும் வழியில்லை.

நாலாவது பதில்தான் அதிகம் வரும்: “எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். யாரையும் பிரிச்சுப் பாக்கமாட்டோம்.” இது பொய்யில்லை. கையில் வித்தியாசம் காட்டாதவர்கள்தான் எங்கள் பெண்கள். ஆனால் எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பதென்றால் நடைமுறையில் எல்லாருக்கும் புருஷன், பெஞ்சாதி, பிள்ளைகள் இருப்பதாக எண்ணிக்கொண்டு தொடங்குவதுதான். முதல் நாளே “எத்தனை பிள்ளைகள் அம்மச்சி? ஏன் கட்டல?” என்று பாசமாகக் கேட்போம். கேட்டவள் அடுத்த நிமிஷம் மறந்துவிடுவாள். கேட்கப்பட்டவர் அன்றைக்கே முடிவு செய்துவிடுவார், இவளிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்று.

இன்னொன்றும் உண்டு, அதுதான் அவர்கள் பயப்படுவது. எங்கள் வாய். வீட்டுக்கு வீடு மாறும் தொழில் இது. ஒரு வீட்டு அலமாரியில் என்ன இருந்தது என்று அடுத்த வீட்டு அடுக்களையில் பேசுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. பாறசாலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் களியக்காவிளைக்குப் போய்விடும். அடித்தாலோ திட்டினாலோ ஏஜென்சியில் புகார் சொல்லலாம். ஊரில் பேச்சு பரவினால் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

ஏன் இவ்வளவு பயம்

சின்ன வயதுக்காரர்கள் பேசும் தைரியத்தைப் பெரியவர்களிடம் எதிர்பார்க்கக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு இந்த உறவைக் குற்றமாக்கியது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது, 2013-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கட்டியது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில்தான் வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1950-ல் பிறந்தவருக்கு அப்போது 68 வயது. வாலிபம், வேலை, பென்ஷன் எல்லாம் முடியும் வரைக்கும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாக இருந்தவர், தீர்ப்பு வந்த மறுநாள் கதவைத் திறந்து போட மாட்டார்.

குற்றம் இல்லை என்றாகிவிட்டது. உறவு என்று இன்னும் ஆகவில்லை. 2023 அக்டோபர் 17-ல் சுப்ரியோ வழக்கில் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதன் விளைவைக் கேரளம் சில மாதத்திலேயே பார்த்தது. 2024 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு இளைஞர் விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கூட வாழ்ந்தவருக்கு உடலைத் தரவில்லை. அவர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். உடல் குடும்பத்தாரிடமே போயிற்று, இவருக்குக் கடைசி மரியாதை செலுத்த இடம் கிடைத்தது. அவர்கள் இளைஞர்கள், வெளிப்படையாக வாழ்ந்தவர்கள். அக்காள் தங்கச்சி என்று சொல்லி வாழ்ந்த கிழவிகளின் கதி என்ன?

இந்தப் பகுதிக்கு முதுமை சின்ன விஷயமில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். நாட்டிலேயே அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பிரிட்டனிலும். இதையெல்லாம் சமாளிக்க நல்ல ஏற்பாடும் கேரளத்தில் உண்டு. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணச் சேவை ஊர்ஊராகப் பரவி, 2008-ல் மாநில அரசே பாலியேட்டிவ் கொள்கை வகுத்தது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வந்து டியூப் மாற்றிவிட்டுப் போவார். ஆனால் அந்த ஏற்பாடு முழுக்கக் குடும்பம் என்ற தூணின் மேல் நிற்கிறது. பாலியேட்டிவ் நோட்டிலேயே ‘பராமரிப்பவர் – உறவு’ என்று ஒரு வரி உண்டு. அந்த இடத்தில் உண்மையை எழுத முடியாதவர்களுக்கு என்ன வழி என்று யோசிக்க மறந்துவிட்டோம்.

தாடி எடுக்க யார் வருவார்கள்

களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திருநங்கைப் பெரியவருக்கு ஆள் கேட்டு வந்தது. ஏஜென்சியில் ஆண் ஆளுக்கு ஒரு ரேட், பெண் ஆளுக்கு ஒரு ரேட். யாரை அனுப்புவது என்று ஆபீசில் குழப்பம். என்னிடம் கேட்டார்கள். “அவங்ககிட்டயே கேளுங்க” என்றேன். போனை வாங்கி அந்த அம்மாவே பேசினார்: “பொம்பளப் பிள்ளை வரட்டும் மக்களே. ஒண்ணு மட்டும். தினம் காலையில தாடி எடுத்து விடணும். அதில்லாம நான் யாரையும் பாக்கமாட்டேன்.”

கை விழுந்துவிட்டதால் அவரால் சவரம் செய்ய முடியவில்லை. நாள்கணக்கில் வளர்ந்த தாடியோடு போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எந்த நர்ஸிங் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இருக்காது. ஆனால் அவருக்கு அதுதான் முதல் மருந்து. போன பெண் முதல் நாள் நடுங்கிக்கொண்டுதான் போனாள். அப்பாவுக்குச் சவரம் செய்து பழக்கம் இருந்ததால் கை தானாக வேலை செய்தது. பிறகு பொட்டு வைத்துவிடவும் பழகிக்கொண்டாள்.

திருநங்கைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் இளையவரை மகளாக எடுத்துக்கொள்வார். மகள் முதுமையில் தாயைப் பார்த்துக்கொள்வாள். அந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு மகள் இருந்தாள். எங்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அவள்தான். ஆனால் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்தத் தாய் மகள் உறவு இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு திருநங்கைகளின் பாலினத்தை அவர்களே சொல்லும் உரிமையைத் தந்தது. தமிழ்நாட்டில் 2008-லேயே நல வாரியம் வந்தது. கேரளம் 2015-ல் தனிக் கொள்கை அறிவித்தது. 2019-ல் மத்திய சட்டமும் வந்தது. இருந்தும் வார்டு என்று வரும்போது ஆண் வார்டா, பெண் வார்டா என்று ஸ்ட்ரெச்சரை நடுவழியில் நிறுத்துவது இன்னும் நடக்கிறது.

மனசு மாறுமா

மாறும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ஒரு நீதிபதி. 2021-ல் மதுரையிலிருந்து ஓடிவந்த ரெண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. இதைப்பற்றித் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஜூன் 7-ல் அவர் போட்ட உத்தரவில், இவர்களை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் செய்யும் வைத்தியங்களுக்குத் தடை வந்தது. போலீசுக்கும் டாக்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்டது என்றால் பத்தாவது படித்த எங்கள் பெண்களுக்குத் தேவைப்படுவதில் வெட்கம் இல்லை.

என் அண்ணன் மகள் ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே 2013-லேயே சட்டம் திருத்தி, அரசுப் பணம் வாங்கி நடத்தும் முதியோர் இல்லம் எந்தச் சபையுடையதாக இருந்தாலும் ஒருவர் யாரை விரும்புகிறார் என்ற காரணம் சொல்லி யாரையும் ஒதுக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அப்படியிருந்தும், இல்லத்துக்குள் வரும்போது பழைய போட்டோக்களைப் பெட்டியின் அடியில் வைப்பவர்கள் அங்கேயும் உண்டு என்கிறாள். “சட்டம் வாசல் வரைக்கும்தான் கொண்டு விடும் மாமி. உள்ள வந்தபிறகு எங்க மூஞ்சியப் பாத்துத்தான் அவங்க முடிவு பண்ணுவாங்க.” அவளுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் வேலையே கேள்வியை மாற்றுவதுதான். கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை என்று தொடங்காமல், “உங்க வாழ்க்கையில முக்கியமானவங்க யாரு?” என்று கேட்கச் சொல்கிறார்கள். பேரனைச் சொல்பவரும் உண்டு, நாயைச் சொல்பவரும் உண்டு, நாற்பது வருஷம் கூட இருந்தவரைச் சொல்பவரும் உண்டு.

காகிதத்தில் எழுதி வையுங்கள்

இங்கே சட்டம் முழுதாக வரும் வரைக்கும் காத்திருக்க வயதானவர்களுக்கு நேரமில்லை. இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று, மருத்துவ உயில். சுயநினைவு தப்பி, மீள வழியில்லை என்றானபிறகு வென்டிலேட்டர் போன்றவை வேண்டுமா வேண்டாமா, அப்போது யாரிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரியில் முறையை எளிதாக்கிவிட்டது. ரெண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். டீச்சரிடம் அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் டாக்டர் பேசும் ஆள் மாறியிருக்கலாம்.

ரெண்டு, மனநல விஷயம். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நீங்களே நியமிக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. யாரை விரும்புகிறார் என்பதை வைத்து ஒருவருக்குச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் அந்தச் சட்டம் எழுதியிருக்கிறது.

மூன்று, பணமும் வீடும். துணையோடு கூட்டுக் கணக்கு வைக்கவும், நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதித் துறை தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள்தான், வாரிசு ஆகிவிட மாட்டார். வீடு துணைக்குப் போக வேண்டுமென்றால் உயில் வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது.

நாலு, உடல். நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணையே உடலைப் பெற வழி செய்யுங்கள் என்று அதே மாதம் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ‘இல்லாதபோது’ என்றுதான் இருக்கிறது; அண்ணன் மகன் வந்துவிட்டால் கதை வேறு. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் தெரிகிறது. 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவரின் வழக்கில், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை, தாங்களாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது.

போன தடவை வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்தாள். “சேச்சி, நீங்க என்ன சொன்னாலும் எனக்கு அது பாவம்னுதான் தோணுது. நான் இந்த வேலைக்கு ஆகமாட்டேனா?” நான் சொன்னேன்: உன் விசுவாசம் உன்னோடு இருக்கட்டும். அந்த வீட்டில் பார்த்ததை வெளியே சொல்லாதே. கேட்காமல் ஜெபிக்காதே. யாரைத் தேடுகிறாரோ அவரைக் கிட்டே உட்கார விடு. இந்த மூன்றும் முடியும் என்றால் தாராளமாகப் போ. யோசித்துவிட்டு “முடியும்” என்றாள். பாவம் என்று நினைக்காமல் ஊரெல்லாம் கதை சொல்லித் திரிகிறவளைவிட இவளைத்தான் நான் அந்த வீட்டுக்கு அனுப்புவேன்.

எங்கள் ஏஜென்சிப் படிவத்தையும் மாற்றச் சொல்லி நச்சரித்து மாற்ற வைத்திருக்கிறேன். ‘கணவர்/மனைவி/மகன்/மகள்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘அவசரத்துக்கு முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?’ என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பெயரை எழுதிய விதவைகள் இருக்கிறார்கள். மகனைத் தாண்டி மருமகள் பெயரை எழுதிய அப்பாக்கள் இருக்கிறார்கள். ‘கூட்டுக்காரி’ என்று மட்டும் எழுதியவர்களும் உண்டு. என்ன முறை என்று நாங்கள் கேட்பதில்லை. நம்பர் சரிதானா என்று ஒருதரம் போன் அடித்துப் பார்த்துக்கொள்கிறோம். பஞ்சாயத்து பாலியேட்டிவ் நோட்டிலும் அந்த ஒரு வரியை மாற்றினால் பைசா செலவில்லை.